நிறைகோலுக்கு அடங்காத பொன்

பொன்னை நிறுத்து மதிப்பது உலகியல். பெண்ணுக்குப் பூட்டும் நகையாயினும், இடுக்கண் வந்தவிடத்து அடகு கடைக்குக் கொண்டு செல்லும் நகையாயினும், "எத்தனை பவுன்?" என்பதே முதல் வினா. அதனைச் செய்த தட்டாரின் திறம் செய்கூலி என்னும் பெயரால் விலையின் ஓரத்திலே ஒட்டிக்கொள்கின்றது. அடகு வைக்குங்கால் அதுவும் கழிந்து போகின்றது. உருக்கினால் எஞ்சுவது மதிப்புடையது, உருக்கினால் அழிவது மதிப்பில்லாதது என்பது இவ்வழக்கின் உட்கிடையாகும்.

இவ்வழக்கை அப்படியே புரட்டிவிடும் கலையொன்று இந்திய நாட்டிலே உண்டு. மெல்லிய பொற்றகட்டிலே மானும் மயிலும் மரமும் கொடியும் வேட்டைக் குதிரையும் தோன்றுமாறு செதுக்கி, அத்தகட்டை நிறக்கண்ணாடியின்மேல் நெருப்பின் துணையால் ஒன்றச் செய்வது அக்கலை. அதிலுள்ள பொன் மிகச் சிறிது. கண்ணாடியோ விலை மலிந்த பொருள். ஆயினும் இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேட் அரும்பொருட்சாலை அத்தகைய பணிகளைப் பேணி வைத்திருக்கின்றது. கலைப்பொருள் திரட்டுவோர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். இராசத்தானத்தின் தென்பகுதியிலுள்ள பிரதாப்கர் என்னும் சிறு நகரமே அதன் தாயகம். 'தேவா' என்பது அக்கலையின் பெயர். இப்பெயர் கடவுளைக் குறிக்கும் தேவன் என்னும் சொல்லோடு தொடர்புடையதன்று. அதன் முதலெழுத்து வடமொழித் தகர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து. தமிழில் எழுதுங்கால் இரண்டும் ஒன்றாகி மயக்கந் தருகின்றன. 'பதித்தல்' என்னும் பொருள் தரும் உள்ளூர்ச் சொல் இஃது என்பர்.

இக்கலையின் இயல்பையும், அதற்கு மூத்த உறவான இத்தாலிய நாட்டுப் பொற்கண்ணாடிப் பணியையும் விளக்கி, கைத்திறனை மதிப்பிடுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு அவற்றினின்றும் பெறத்தக்க விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பொருள்களின் இயல்பு

பொன்னைப்போல மெல்லிதாக அடித்து நீட்டத்தக்க உலோகம் பிறிதொன்றில்லை. தேர்ந்த கொல்லர் அடித்த பொன்னிதழின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு கூறு அளவிற்குக் குறையும். பொன்னின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், அத்தடிப்பில் ஒரு கிராம் பொன் அரைச் சதுர மீற்றர் பரப்பை மூடும். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுன் ஏறத்தாழ நான்கு சதுர மீற்றர் பரப்பாக விரியும். எமது தோட்டத்து லயத்திலே பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடைய அறையொன்றின் தரை முழுவதற்கும் பொன் வேய்வதற்கு மூன்று பவுன் போதும். பொன்னின் அருமையைப் பேசும் நாம் அதன் இப்பெருந்தன்மையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிக் கண்ணாடியை நோக்குவோம். பனிக்கட்டி ஒரு குறித்த வெப்பநிலையில் நீராகிவிடும். கண்ணாடி அவ்வாறு உருகுவதன்று. வெப்பம் ஏற ஏறச் சிறிது சிறிதாக இளகி, மெழுகாகி, பின்னர்ப் பாகாகும். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 700 பாகை செந்திகிரி வெப்பத்திலே நன்கு இளகும். பொன் உருகுவதற்கோ 1,064 பாகை வேண்டும். ஆகவே இவ்விரு வரம்புகட்கும் இடையே, கண்ணாடி நெகிழ்ந்துகொடுக்கப் பொன் தன் வடிவு குலையாது நிற்கும் ஓர் இடைவெளி உண்டு. பொன்னும் கண்ணாடியும் சேரும் கலையெல்லாம் இவ்விடைவெளியிலே நிகழ்வது. செம்பை அவ்வெப்பத்திலே காற்றுப்பட வைத்தால் கறுத்துப்போகும். பொன்னோ தீயிலிட்டாலும் நிறம் மாறாது.

மற்றுமொரு நுட்பம் ஈண்டு நோக்கற்பாலது. சூடாறுங்கால் பொன் கண்ணாடியைவிட மிகுதியாகச் சுருங்கும். தடித்த பொற்றகட்டைக் கண்ணாடியோடு ஒட்டினால், ஆறும்போது அது கண்ணாடியை இழுத்து விரிசல் உண்டாக்கும். தகடு மெல்லிதாயின், அம்மெல்லிய பொன்னே இழுபட்டு நீண்டு கண்ணாடியைக் காப்பாற்றும். எனவே கலைஞர் பொன்னை மெல்லிதாக்கியது சிக்கனம் கருதி மட்டுமன்று. பொருளின் இயல்பே அங்ஙனம் வேண்டிற்று.

கண்ணாடியைச் சார்ந்து பொன் நிற்றற்குரிய இடங்கள் மூன்று: இரு கண்ணாடிகளுக்கு இடையில், கண்ணாடியின் பின்னால், கண்ணாடியின் மேல் என்பன அவை. வரலாற்றிலே இம்மூன்றும் கையாளப்பட்டுள்ளன. இத்தாலி நாட்டிலே இம்மூன்றிற்கும் சான்று உண்டு.

இத்தாலியர் கண்ட வழிகள்

தென்னித்தாலியிலுள்ள கனோசா என்னும் ஊரின் கல்லறையொன்றிலிருந்து எடுக்கப்பட்ட கண்ணாடிக் கிண்ணங்கள் இன்று இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் உள்ளன. கிறித்துவிற்கு முன் மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை அவை. ஒன்றனுள் ஒன்று பொருந்தும் இரு கிண்ணங்களைச் செய்து, இடையிலே வெட்டிய பொன்னிதழால் இலையும் பூவுமான கோலத்தைப் பரப்பியிருக்கின்றனர். அக்காலத்திலிருந்து இன்றுவரை அப்பொன்னைத் தீண்டிய விரல் இல்லை. பார்த்த கண் மாத்திரம் உண்டு.

உரோமப் பேரரசின் பிற்காலத்தில், சிறப்பாக நான்காம் நூற்றாண்டில், இம்முறை பெருவழக்காயிற்று. கிண்ணத்தின் அடித்தட்டிலே பொன்னிதழை ஒட்டி, ஊசியினாற் கீறி உருவம் வரைந்து, அதன்மேல் மற்றொரு கண்ணாடிப் படலத்தை இளக்கிச் சேர்த்தனர். உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலே, பிணக்குழியை மூடிய சாந்தில் இவ்வடித்தட்டுகளைப் பதித்து வைத்தனர். கிண்ணத்தின் விளிம்புகள் உடைந்து போயின. பொன் பொதிந்த நடுவட்டம் எஞ்சிற்று. கிறித்தவர், யூதர், பழைய தெய்வங்களை வணங்கியோர் ஆகிய முத்திறத்தாரின் சின்னங்களும் அவற்றிலே காணப்படுகின்றன. வட இத்தாலியிலுள்ள பிரேசா நகரிலே, பிற்காலத்துச் சிலுவையொன்றிற் பதிக்கப்பட்ட கண்ணாடி வட்டம் ஒன்று உண்டு. தாயும் மக்கள் இருவருமாகிய மூவரின் முகங்கள் அதிற் பொன்னிலே தீட்டப்பட்டுள்ளன. ஊசிமுனையின் நுண்ணிய கீறல்களால் கன்னத்தின் நிழலும் கண்ணின் ஈரமும் புலப்படும் அவ்வோவியத்தைக் கண்டோர், பொன்னிலே இத்துணை உயிர்ப்புக் கூடுமோ என வியப்பர்.

பொன் கண்ணாடியின் பின்னால் நிற்கும் முறையைத் தெளிவுற எழுதி வைத்தவர் சென்னினோ சென்னினி என்னும் இத்தாலிய ஓவியர். ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய ஓவியத்தொழில் நூலிலே இதற்கென ஒரு பகுதி உண்டு. தெளிந்த கண்ணாடியை நன்கு கழுவி, அடித்த முட்டை வெண்கருவைப் பூசி, அதன்மேற் பொன்னிதழைப் படியவிட்டு உலர்த்த வேண்டும் என்கிறார். பின்னர்க் கறுப்புத் துணி விரித்த பலகையிலே அதனை வைத்து, சிறு கோலில் ஊசியைக் கட்டி, பொன்னைக் கீறி வரைய வேண்டும். இதனைச் செய்தற்கு இடையூறு செய்வார் எவருமில்லாத தனியறையை நாடுக என்றும் அறிவுறுத்துகின்றார். தொழிலின் பக்குவத்தை மாத்திரமன்றித் தொழிலாளியின் மனப் பக்குவத்தையும் அறிந்து எழுதிய நூல் அது.

மூன்றாவது முறை வெனிசு நகரத்தார்க்குரியது. 1291 ஆம் ஆண்டில் அந்நகர் அரசு தீவிபத்திற்கு அஞ்சிக் கண்ணாடி உலைகளையெல்லாம் அண்மையிலுள்ள முரானோத் தீவுகளுக்கு மாற்றிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் முரானோவின் பரோவியர் குடும்பத்தைச் சேர்ந்த அஞ்சலோ என்பார் பளிங்கு போன்ற நிறமற்ற கண்ணாடியை ஆக்கிப் பெயர் பெற்றார். அந்நூற்றாண்டின் இறுதியை அடுத்து, கிண்ணங்களின் விளிம்பை ஒட்டிப் பொன்னிதழ்ப் பட்டையை ஏற்றி, அதனைச் சுரண்டி மீன்செதில் போன்ற கோலமாக்கி, ஒவ்வொரு செதிலிலும் நிறப்பொட்டு இட்டு உலையிற் சுட்டெடுக்கும் வழக்கம் பரவிற்று. இன்று முரானோவில் நிகழும் பொன்னிதழ்ப் பணிகள் அம்மரபின் வழித்தோன்றல்களே. 1861 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட கண்ணாடி அரும்பொருட்சாலையில் பழைய பணிகள் பலவற்றை ஒருங்கே காணலாம்.

பிரதாப்கரின் பணி

பொன்னைக் கண்ணாடியின் மேலே நிறுத்தும் இம்மூன்றாம் நெறியிலேயே பிரதாப்கரின் கலையும் அமைகின்றது. ஆயினும் அது வெனிசிலிருந்து கற்றதன்று, செய்முறையும் வேறு. வெனிசு நகரத்தார் பொன்னிதழைக் கண்ணாடியின்மேல் ஏற்றிய பின்னரே அதனைச் சுரண்டினர். பிரதாப்கர்த் தட்டாரோ பொன்னைத் தனியே செதுக்கி முடித்த பின்னரே கண்ணாடியோடு சேர்க்கின்றனர். ஆதலின் அவர் பயன்படுத்தும் பொன் கைபட்டாற் கிழியும் இதழன்று. உளி தாங்கும் மெல்லிய தகடு.

பிரதாப்கர் முன்னர் இராசபுத்திர அரசர் ஆண்ட ஒரு சிற்றரசின் தலைநகர். 2008 ஆம் ஆண்டில் அது தனி மாவட்டமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே நாத்து சோனி என்னும் பொற்கொல்லர் இக்கலையைத் தோற்றுவித்தார் என்றும், அரசர் மகிழ்ந்து அவர் குடும்பத்திற்கு 'இராச சோனி' என்னும் பட்டமும் நிலமும் அளித்தார் என்றும் அவ்வூர் மரபு கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்கு வந்த ஐரோப்பியர் இப்பணிகளை விரும்பி வாங்கினர். சிறு வட்டங்களாகவும் நீள்வட்டங்களாகவும் செய்யப்பட்ட தகடுகளை ஆங்கில நாட்டு நகைசெய்வோர் தம் பொற்சட்டங்களிற் பதித்து மார்பூசிகளாகவும் கைவளைகளாகவும் ஆக்கினர். அக்காலத்து ஆங்கில நூலாசிரியர் சிலர் இதனை எனாமல் வேலையின் ஒருவகையாக எண்ணினர். அது பொருந்தாது. எனாமல் வேலையிலே பொடித்த கண்ணாடியை உலோகத்தின்மேல் இட்டு உருக்குவர். உலோகம் தாங்குவது, கண்ணாடி தாங்கப்படுவது. இங்கோ கண்ணாடி தாங்குகின்றது, பொன் தாங்கப்படுகின்றது.

செய்முறை

முதலில் மரப்பலகையின்மேல் அரக்குக் கலவையைப் பரப்பி, அஃது இளகியிருக்கும்போதே மெல்லிய பொற்றகட்டை அதன்மேற் படியவைப்பர். அரக்கு இறுகியதும் தகடு அசையாது நிற்கும். அரக்கைத் தட்டார் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அஃது உளியின் அடியைத் தாங்கும் அளவிற்குக் கடினமானது. உளிமுனை இறங்க இடங்கொடுக்கும் அளவிற்கு மென்மையானது. வேலை முடிந்தபின் சிறிது சூடு காட்டினாற் பிடியை விட்டுவிடும். எம்மூர்த் தட்டாரும் நகாசு வேலைக்கு அரக்கையே துணைக்கொள்வர்.

அடுத்தது செதுக்கல். தகட்டின்மேல் உருவங்களின் புறவரையைக் கீறுவர். கண்ணனும் கோபியரும், யானைமேல் அமர்ந்து புலியை எதிர்க்கும் வேட்டுவர், தோகை விரித்த மயில், கொடியிடை ஓடும் மான் என்பன பெருவழக்கான உருவங்கள். பின்னர் உருவத்திற்குப் புறம்பான பொன்னையெல்லாம் நுண்ணிய உளிகளால் வெட்டி அகற்றுவர். ஒரு விரல் அகலமுள்ள வட்டத்தினுள்ளே குதிரை, வீரன், மரம், பறவை ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். தொடர்பு அறுந்தால் அவ்வுருவம் உதிர்ந்துவிடும். ஆகவே கொடிகள் வெறும் அழகிற்காகப் படர்வன அல்ல. வீரனின் வாளையும் மானின் கொம்பையும் விளிம்போடு பிணைத்து நிற்கும் கட்டுக்கள் அவை. வெட்டி முடிந்தபின் எஞ்சிய பொன்னின்மேல் மயிரிழை போன்ற கோடுகளைக் கீறி, கண், ஆடை மடிப்பு, இலை நரம்பு முதலியவற்றைக் காட்டுவர்.

இதன்பின் தகட்டை அரக்கினின்றும் பெயர்த்துத் தூய்மை செய்வர். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்றுடைய கண்ணாடியை அளவிற்கு வெட்டி, வெள்ளிக் கம்பியாலாகிய சட்டத்தினுட் பொருத்தி, செதுக்கிய பொன்னை அதன்மேற் கிடத்தித் தீயிலே வைப்பர். முற்கூறிய இடைவெளியில், கண்ணாடி இளகிப் பொன்னின் விளிம்புகளைப் பற்றிக்கொள்ளும். பசையும் இல்லை; ஆணியும் இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு பொழுது என்பனவே இப்பணியின் உயிர்நிலை. சூடு குறைந்தாற் பொன் ஒட்டாது. மிகுந்தாற் கண்ணாடி பெருகி உருவத்தை மூழ்கடிக்கும். இப்பக்குவத்தையே அக்குடும்பத்தார் புறத்தார்க்குக் காட்டாது காத்து வந்தனர். இறுதியாகக் கண்ணாடியின் பின்னே பளபளப்பான வெள்ளித்தகடு வைக்கப்படும். உள்ளே புகுந்த ஒளி அதிற் பட்டுத் திரும்பி வருதலால், சிவப்பு மாணிக்கம் போலவும் பச்சை மரகதம் போலவும் ஒளிரும். அவ்வொளியின் முன்னே பொன்னுருவம் நிழலோவியம் போல் எழுந்து நிற்கும். சிறு பணியொன்றிற்கும் பல நாள் உழைப்பு வேண்டும். பெரியதாயின் திங்கள் கடக்கும்.

கழித்தலால் வரும் ஓவியம்

ஓவியம் என்பது பெரும்பாலும் கூட்டுதலால் வருவது. நிறத்தின்மேல் நிறமும் கோட்டின்மேற் கோடும் சேர்க்கின்றோம். பிழைத்தால் மேலும் ஒன்று பூசித் திருத்துகின்றோம். பொற்கண்ணாடிப் பணியோ கழித்தலால் வருவது. எடுத்த பொன்னைத் திரும்ப வைத்தல் இயலாது. சென்னினோ தனியறையை நாடச் சொன்னதும், பிரதாப்கர்த் தட்டார் ஒரு பணிக்குப் பல நாள் செலவிடுவதும் இதனாலேயாம்.

எம்மவர்க்கு அண்மையான ஒப்புமையைத் தஞ்சையிலே காணலாம். மராத்திய மன்னர் காலத்திற் செழித்த தஞ்சை ஓவியத்திலே பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணச் சாந்தால் மேடாக்கி, அதன்மேற் பொன்னிதழ் வேய்ந்து, நிறக்கண்ணாடிக் கற்கள் பதிப்பர். அங்கே பொன்னும் கண்ணாடியும் அருகருகே இருக்கின்றன, ஒன்றாவதில்லை. தஞ்சையிலே கண்ணாடி ஓவியம் என்னும் பிறிதொரு வகையும் உண்டு. அதிலே கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்து முன்புறத்திலிருந்து பார்ப்பர். ஆதலின் வரையும் ஒழுங்கு தலைகீழாகின்றது. ஏனைய ஓவியர் இறுதியில் இடும் கண்மணியையும் நகையின் பொட்டையும் இவ்வோவியர் முதலில் இடவேண்டும். ஏனையோர் முதலிற் பூசும் பின்னணியை இவர் இறுதியிற் பூசவேண்டும். முடிவை முன்னரே மனத்தில் முழுமையாகக் காணாதவர் இதனைத் தொடங்கவும் இயலாது. இவ்வகையில் தஞ்சைக் கண்ணாடி ஓவியரும் பிரதாப்கர்த் தட்டாரும் ஒரே ஒழுக்கத்திற்கு உட்பட்டவர்.

கண்ணாடி எம் மண்ணுக்குப் புதியதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலே 1945 ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும், பின்வந்த ஆய்வுகளிலும், கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. பாடல் பெற்ற திருக்கேதீச்சரத்தை அணியாகக் கொண்ட மாந்தைத் துறைமுகத்திலும் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வுகளிற் கண்ணாடி மணிகள் வெளிப்பட்டன.

மெய்யும் போலியும்

விரும்பி வாங்கப்படும் பொருளுக்குப் போலி தோன்றுதல் இயல்பு. கண்ணாடியின்மேற் பொன்வண்ணத்தை அச்சிட்டும், அச்சால் அழுத்தி வெட்டிய தகட்டைப் பசையால் ஒட்டியும் தேவாவின் தோற்றத்தை எளிதிற் படைத்துவிடலாம். சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் புறத்தே வேறுபாடு காட்டவில்லை. ஒன்றன் உள்ளே மாணிக்கமும் மற்றதன் உள்ளே முத்தும் இருந்தமை உடைத்த பின்னரே தெரிந்தது. இங்கே உடைத்துப் பார்க்க வேண்டுவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும்.

உளியால் வெட்டிய விளிம்பு ஒரே சீராக இராது. ஒவ்வொரு வெட்டின் தொடக்கமும் முடிவும் தெரியும். அச்சால் வெட்டியது எங்கும் ஒரு தன்மையாய் இருக்கும். இணையாகச் செய்த காதணிகளிலும் இரு மயில்கள் ஒன்றுபோல் இரா. கழுத்தின் வளைவிலோ தோகையின் எண்ணிக்கையிலோ வேறுபாடு இருக்கும். இரண்டும் முற்றும் ஒத்திருப்பின் அது பொறியின் வேலை என ஐயுறலாம். அன்றியும் மெய்யான பணியிலே பொன் கண்ணாடியிற் சிறிது அமிழ்ந்திருக்கும். பசையால் ஒட்டியது கண்ணாடியின்மேற் புடைத்து நிற்கும். எப்பணியிலும் மாசற்ற ஒப்புமையைச் சிறப்பென்று பழகிய இக்காலக் கண்ணுக்கு, சிறு வேறுபாடே மெய்ம்மையின் அடையாளமாதல் வியப்பாகத் தோன்றலாம்.

சட்டமும் இதிலே துணைசெய்ய முற்பட்டுள்ளது. முரானோவிற் செய்யப்பட்ட கலைக்கண்ணாடியைக் காப்பதற்கு இத்தாலியின் வெனெத்தோ மாகாணம் 1994 ஆம் ஆண்டில் ஒரு வணிகக் குறியைச் சட்டத்தால் நிறுவிற்று. இந்தியாவில் தேவாப் பணிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. ஆயினும் இக்குறிகள் பொருள் எவ்வூரிற் பிறந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, அதனைச் செய்த கை எத்தகையது என்பதைச் சொல்லமாட்டா. அதனை வாங்குவோரின் கண்ணே அறிதல் வேண்டும்.

மறைத்தலும் கற்பித்தலும்

வெனிசு அரசு தன் கண்ணாடித் தொழிலாளரை நாடு கடந்து செல்லவொட்டாது தடுத்தது. மீறியோர்க்குத் தண்டம் விதித்தது. எனினும் சிலர் தப்பிச் சென்றனர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளிலே ஐரோப்பாவின் பல நகரங்களில் 'வெனிசு பாணி'க் கண்ணாடி செய்யப்பட்டமை வரலாறு. அரசின் காவலாலும் அடக்க முடியாத அறிவைப் பிரதாப்கரிலே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்திருந்தது. தந்தை மகனுக்குக் கற்பிப்பார். மணமாகி வேற்றில்லம் புகும் மகளிர்க்குக் கற்பிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை என்பர். அக்குடும்பத்தைச் சார்ந்த மகேசு இராச சோனி அவர்களுக்கு 2015 ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மசிறீ விருது அளித்துச் சிறப்பித்தது.

மறைத்தலிலே நன்மை இல்லையென்று கூறுதல் நேர்மையாகாது. மறைத்தமையாற் பணியின் தரம் தாழவில்லை. பொருள் மலிந்து மதிப்பிழக்கவில்லை. குடும்பத்தின் அடுப்பு அணையவில்லை. அரசர் நிலமளித்துக் காத்த காலத்திலே இவ்வேற்பாடு பொருந்தி நின்றது. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலிலே, கண்டி அரசின் கம்மாளர் தம் தொழிலுக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்த முறையை விரித்துரைத்துள்ளார். அந்நிலமுறை குலைந்தபின் கலையும் தளர்ந்ததை அவர் எழுதினார். புரவலர் இருக்கும்வரை மறைபொருள் செல்வம். புரவலர் நீங்கியபின், கற்க விரும்பும் ஒரு மகன் இல்லாத வீட்டிலே அதே மறைபொருள் சுடுகாடு வரை சென்று முடிந்துவிடும்.

சென்னினோ எழுதி வைத்தமையால், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நூலைக் கையிற்கொண்டு ஒருவர் பொன்னிதழையும் ஊசியையும் எடுத்து அமர முடிகின்றது. எழுத்து கைத்திறனைத் தந்துவிடாது. சூட்டின் பக்குவத்தை ஏட்டிலே முழுமையாகப் பிடித்தல் அரிது. ஆயினும் தொலைந்துபோன வழியை மீண்டும் தேடுவார்க்கு எழுத்து ஒரு கைவிளக்காகும்.

நிறுவையும் மதிப்பும்

இனி, தொடக்கத்திற் கூறிய நிறைகோலை மீண்டும் நோக்குவோம். பிரதாப்கர்ப் பணியொன்றைத் தட்டிலிட்டால் அதிலுள்ள பொன் ஒரு பவுனின் சிறு கூறாய் முடியும். அதன் விலையோ அவ்வளவில் அடங்குவதில்லை. பொன் அங்கே மதிப்பின் அளவுகோலாக இல்லை. வேலைக்கு உகந்த பொருளாக மாத்திரம் நிற்கின்றது. கறுக்காமை, நெகிழ்தல், ஒளிர்தல் ஆகிய குணங்களுக்காகவே அது வேண்டப்பட்டது. மதிப்பு முழுவதும், எதனை எடுப்பது எதனை விடுவது என்று அறிந்த கையினிடத்தே உளது.

கினிகத்தேனை மலைச்சரிவிலே ஆசிரியத்தொழில் செய்யும் எனக்கு இக்கருத்து ஏட்டளவில் நிற்பதன்று. என் மாணவரின் தாய்மார் பெரும்பாலும் கொழுந்து பறிப்பவர். செடியின் பச்சைப் பரப்பிலே இரண்டு இலையும் ஓர் அரும்பும் எவை என்று கண் காணுமுன்னே விரல் அறிந்து கிள்ளுகின்றது. முற்றிய இலையை விட்டு இளந்தளிரைக் கொள்ளும் அத்தெரிவும், எடுப்பதும் விடுப்பதும் அறிந்த கையின் வேலையே. 1883 ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்திலே, சுவைப்போர் ஒரு மிடறு நாவிலிட்டு நிறமும் மணமும் சுவையும் கண்டு விலை கூறுவர். அங்கே தரம் விலையாகின்றது. மலையிலோ கூடை தராசில் ஏறுகின்றது. குறித்த கிலோ நிரம்பாத நாளில் அரைப்பேர் விழுகின்றது. தரத்தை உண்டாக்கிய விரலுக்கு நிறையால் மட்டுமே கூலி அளக்கப்படுகின்றது. ஒரே பொருள் மலையடிவாரத்தை அடையுமுன் இருவகை அளவைகளால் அளக்கப்படுவதும், செய்தவருக்கு எப்போதும் தாழ்ந்த அளவையே வாய்ப்பதும் சிந்திக்கத்தக்கன.

தேவாப் பணியிலும் இவ்வநீதியின் சாயல் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மார்பூசிகள் பலவற்றிலே சட்டமிட்ட கடையின் முத்திரை காணலாம். உள்ளிருக்கும் வேட்டைக் காட்சியைச் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. பணி அரும்பொருட்சாலையிலே வாழ்கின்றது. பணி செய்தவர் 'பிரதாப்கர்' என்னும் ஊர்ப்பெயருக்குள் மறைந்துவிட்டார்.

இந்நிலையிற் கல்லூரி மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அவரவர் ஊரிலுள்ள தட்டார், தச்சர், குயவர், நெய்வோர், பறை கட்டுவோர் ஆகியோரிடம் ஓரிரு நாள் அமர்ந்து, அவர் கருவிகளின் பெயர்களையும், பொருள் கலக்கும் அளவுகளையும், வேலையின் ஒழுங்கையும் அவர் சொல்லும் சொற்களாலேயே எழுதி வருக. எழுதியதன் தலைப்பிலே அவர் பெயரையும், அவருக்குக் கற்பித்தவர் பெயரையும், அவர் இசைவு பெற்றுப் பொறித்து வைக்க. ஆண்டு மலரின் சில பக்கங்களை இதற்கு ஒதுக்கினால், பத்தாண்டுகளிலே பெருஞ் செல்வம் சேரும். மகளிரின் கைவினைகளையும், கொழுந்தெடுக்கும் விரலின் அறிவையும் அவ்வேட்டில் விடாது சேர்த்தல் வேண்டும். அவற்றை எழுதியோர் இதுவரை மிகச் சிலரே.